செல்லக்கனியின் பிரசவம்

செல்லக்கனிக்கு இடுப்புவலி கண்டுவிட்டது என்று நான் வாசித்ததும், தேயிலைச் செடிகளுக்கு நடுவே சாப்பிட உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் சோற்றில் வைத்த கையை எடுக்க மறந்துவிட்டார்கள்.

செல்லக்கனி கதைப் புத்தகத்தில் வருகிறவள்.

ஆனாலும் போன ஞாயிறு மாதா கோயில் பூசையில் அவளுடைய சுகப்பிரசவத்துக்காகச் சாமியார் மன்றாடினார். கேட்டுக்கொண்டவள் மதலேனம்மாள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், இப்போது நிறைமாதம். செல்லக்கனி பிழைத்தால் தானும் பிழைத்துக்கொள்வேன் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

கடைசித் தாளை நான் காலையிலேயே எட்டிப் பார்த்துவிட்டேன். செல்லக்கனி செத்துப்போகிறாள். எழுதிய மகராசனுக்கு ஈவிரக்கமே இல்லை.

அதுவரை எழுத்து என்றால் எனக்குக் கோயிலில் ஒப்பித்த ஞானோபதேசம்தான். ஒரு புள்ளி மாறினாலும் பாவம். இந்தப் புத்தகத்திலோ ஆட்கள் எங்கள் லயத்து வீடுகளில் இருப்பவர்கள் போலவே ஏசிக்கொண்டார்கள், மூக்கைச் சிந்தினார்கள். நம்மைப் போல வாயுள்ள ஒரு ஆள் உட்கார்ந்து எழுதியதுதானே இது என்று புரிந்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவருக்கு ஒரு வாய் என்றால் எனக்கும் ஒரு வாய்.

எழுத்தைப் பார்க்காமலே வாசித்தேன். பிள்ளை வீல் என்று அழுதது. செல்லக்கனி கண்ணைத் திறந்து கருப்பட்டிக் காப்பி கேட்டாள்.

குலவைச் சத்தத்தில் மலையே அதிர்ந்தது. மதலேனம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஏட்டி மேரி, புத்தகத்தத் தா. எங்க வீட்டு ஆள விட்டு இன்னொரு மட்டம் வாசிக்கச் சொல்லிக் கேக்கணும்!"

புத்தகத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். அவள் புருஷன் சுவக்கீன் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவான்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை புத்தகத்தைப் பிடுங்கியது. கங்காணி சூசையப்பன். கம்பம் டவுனில் அதை வாங்கி, முழுக்கப் படித்துவிட்டு எனக்குக் கொடுத்தவரே அவர்தான். பொய் சொன்னால் சொந்தத் தம்பியையும் விடமாட்டார்.

கடைசித் தாளை உற்றுப் பார்த்தார். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"ஏ பிள்ள, ஒரு வரிய முழுங்கிட்டியே. கூடவே ஒரு பொட்டப்பிள்ளையும் பொறந்துச்சுல்லா!"

தனக்கு ஒன்றே போதும் என்று மதலேனம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலற, கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. எனக்குப் புரையேறிவிட்டது.

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் கங்காணி புத்தகத்தை அவள் மடியில் வைத்தார்.

எட்டிப் பார்த்தேன். கடைசித் தாளைக் காணோம்.