முதல் உறைபனிக்கு முன்

"இது உங்களுடைய படகா?"

டேனிஷில் கேட்ட அந்தக் கிழவரைச் சுஜாந்தினி நிமிர்ந்து பார்த்தாள். நீல வேலை உடுப்பு, கம்பளித் தொப்பி. டென்மார்க்கின் கோல்டிங் துறையில், குளிர்காலத்துக்காகக் சக்கர வண்டிகளில் கரையேற்றி நிறுத்தியிருந்த படகுகளுக்கு நடுவே, அவளையும் கணவரையும் தவிர வேறு ஒருவரும் இல்லை. படகு வாங்கிய இரண்டு கிழமையில் அவளிடம் ஒருவர் இப்படிக் கேட்பது இதுதான் முதல் தடவை. முகமெல்லாம் பூரிப்பாக, "எங்களுடையதுதான்" என்றாள் அவளும் டேனிஷில்.

கிழவர் வாயைத் திறந்தார். மூடினார்.

முதியோர் இல்லத்தில் பதினாறு வருடம் வேலை செய்தவளுக்கு இந்த வகை மனிதர்களைத் தெரியும். வாயைத் திறந்து மூடுகிறவர்களுக்கு முதலில் சூடாக ஏதாவது கொடுக்க வேண்டும். கதை பிறகு தானாக வரும். பிளாஸ்கில் இருந்து கோப்பி ஊற்றி, ஒரு மீன் ரோல்சையும் அவர் கையில் வைத்தாள். "ஆனால்..." என்று தொடங்கியவர் ரோல்சைக் கடித்துப் பார்த்தார். வரிசையாக அடுக்கியிருந்த ஒயில் போத்தல்களையும் கிறீசையும் பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் வசதியாக உட்கார்ந்துவிட்டார்.

"ஆர் அது?" எஞ்சினுக்குப் பின்னால் இருந்து அவள் கணவர் பாலேந்திரா கேட்டார்.

"ஆரோ ஒரு வயசுபோன மனுசன். பாவம், தனிய வந்திருக்கிறார். புதினம் பாக்கிறார் போல."

"பாக்கட்டும். எங்களுக்கும் ஒரு சாட்சி வேணும்."

சாட்சி வேண்டியிருந்தது குருசுமுத்துவுக்காக. பக்கத்து நகரமான பிரெடெரிசியாவில் பாலேந்திராவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிற அவர், யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தவர். "பலசரக்குக் கடைக்காரன்ரை மகனுக்கு என்னத்துக்கடாப்பா போட்? முதல் பனிக்கே எஞ்சின் வெடிக்கும். பிறகு போட்டுக்குள்ளை மண்ணைப் போட்டு வெந்தயம் விதை" என்று ஒரு பிறந்தநாள் வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். நாளை ஞாயிறு பூசை முடிய நேரே எஞ்சினைப் பார்க்க வருகிறாராம்.

இன்று இரவு மைனஸ் நாலு. எஞ்சினுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கினாலும், அது உறைந்து பருத்து எஞ்சினைப் பிளந்துவிடும். குருசுமுத்துவுக்கு அதைவிடப் பெரிய நத்தார்ப் பரிசு இருக்க முடியாது.

படகை விற்ற தோர்பன் "மூன்றாவது வரிசை, கடைசிப் படகு" என்று சொல்லியிருந்தார். காலையிலேயே வாசல் கேற்றில் இருந்து வரிசைகளை எண்ணிக்கொண்டு வந்து, பாலேந்திரா வேலையைத் தொடங்கிவிட்டார். படகை அவர் முன்பு பார்த்தது ஒரேயொரு தரம், அதுவும் கொட்டும் மழையில். எல்லாமே வெள்ளைப் படகுகள், கறுப்பு எஞ்சின்கள்.

"நீர் வாசியும், நான் செய்யிறன்" என்றார்.

காணொளியை நாலு தரம் பார்த்து எழுதிய தாளைச் சுஜாந்தினி விரித்தாள். முதலில் எஞ்சினுக்குள் இருக்கும் உப்புத் தண்ணீரைக் கழுவ வேண்டும். தண்ணீர்க் குழாயை எஞ்சினில் கொளுவிவிட்டு, பாலேந்திரா கயிற்றை ஏழு தரம் இழுத்தார். எஞ்சின் இருமக்கூட இல்லை.

"அந்தச் சின்னப் பொத்தானை முதலில் வெளியே இழுக்க வேண்டும்" என்றார் கிழவர், வாய் நிறைய ரோல்சுடன்.

அடுத்த இழுப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"மனுசனுக்கு நல்ல விளக்கம்" என்று பாலேந்திரா வியந்தார். உற்சாகத்தில், படகைத் தோர்பனிடம் வாங்கிய கதையைக் கிழவருக்கு விரிவாகச் சொன்னார். கிழவர் மெதுவாகத் தலையாட்டினார். தோர்பனின் படகு மிக நல்ல படகு என்றார்.

பிறகு பெற்றோல் குழாயைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டார்கள். பழைய கியர் ஒயிலை வடிக்கப் போனபோது கீழ்த் திருகு அசையவில்லை. அது எப்போதும் இறுக்கம்தான், சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுங்கள் என்றார் கிழவர். பாலேந்திரா தட்டினார், திரும்பியது. புது ஒயில் விட்டு, கிறீஸ் பூசி, மிச்சத் தண்ணீர் வடிய எஞ்சினை நேராக நிறுத்தினார்கள். படகையும் கழுவி மெழுகு பூசினார்கள். இவர்கள் தவறவிட்ட ஒரு இடத்தைக் கிழவர் விரலால் காட்ட, சுஜாந்தினி அதையும் தேய்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இவரும் முந்தி ஒரு போட் வைச்சிருந்திருப்பார்" என்றாள் மெல்ல.

"ஓம். ஏலாமல் போக வித்திருப்பார்."

அவளுக்கு மனம் இளகிவிட்டது. இன்னொரு ரோல்ஸ் கொடுத்தாள்.

ஒரு மணிக்கு எல்லாம் முடிந்தது. படகு வெயிலில் மினுமினுத்தது. பாலேந்திரா எஞ்சினில் கை போட்டபடி நிற்க, சுஜாந்தினி படம் எடுத்தாள். அதை அவர் அப்போதே குருசுமுத்துவுக்கு அனுப்பினார். "நாளைக்கு வரட்டும், வெந்தயத்தையும் கொண்டு வரட்டும்" என்றார். இருவரும் வயிறு நோகச் சிரித்தார்கள்.

கிழவர் எழுந்துபோய்த் தன் காரைப் பின்புறமாக எடுத்து வந்து நிறுத்தினார். அதற்குள் இருந்து ஒரு பையை எடுத்துச் சுஜாந்தினியின் கையில் வைத்தார். உள்ளே உடைக்காத கியர் ஒயில், கிறீஸ், மெழுகு. கடல் பக்கம் இருந்து எண்ணினால் மூன்றாவதாக வரும் வரிசையின் கடைசியில், பாசி பிடித்தபடி நின்ற தோர்பனின் படகை விரலால் காட்டினார். பிறகு, அவர்கள் மூன்று மணி நேரம் கழுவி மினுக்கிய தன்னுடைய படகைக் காருக்குப் பின்னால் கொளுவிக்கொண்டு போய்விட்டார்.