நட்ட நடு இருக்கை

செத்துப்போன ஜப்பான்காரன் மறுபடியும் எழுந்து வந்து சண்டை போட்டான்.

“டேய், இவனைத்தான்டா முன்னாடியே மாடியிலேர்ந்து தள்ளினான்!” என்று பின்வரிசையில் ஒருவன் கத்த, தியேட்டரே சிரித்தது. உளவு வேலையை உதறிவிட்டு மீன் வளர்க்கப் போன கதாநாயகன், தலைமுடி கலையாமல் அவனை இன்னொரு முறை வெட்டினான்.

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் அவள் கணவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படத்தில் கேட்கும் காலடி, கதவு, கத்தி உரசல் எல்லாம் அவன் சேர்த்தவை. ஊருக்கெல்லாம் சத்தம் பண்ணிக் கொடுக்கிறவன், வீட்டில் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

“உக்காந்து பேசணும்னு சொன்னேன். அதுக்கு இந்தக் கண்றாவிக்கா கூட்டிட்டு வந்தீங்க?”

“பாரேன்.”

“என்னத்தைப் பார்க்கறது? நீங்களே கண்ணை மூடிட்டுத்தான் இருக்கீங்க.”

“உஷ்.”

இந்த ‘உஷ்’ஷோடு சேர்த்து இன்று அவன் பேசியது ஒரு கைப்பிடி தேறும். அவளுடைய துணிகளெல்லாம் பெட்டிக்குள் ஏறி, பெட்டி கட்டிலுக்கடியில் காத்திருந்தது. அக்கா மாடி அறையை ஒழித்து வைத்திருந்தாள். இன்று சாயங்காலத்துக்குள் போவதா, இருப்பதா என்று அக்காவுக்குச் சொல்லியாக வேண்டும்.

ஆனாலும் ஒரு சின்ன விஷயம் மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது. டிக்கெட் கவுண்டரில், “காலியாத்தான் சார் இருக்கு, எங்க வேணா உக்காருங்க” என்றபோது அவன் கேட்கவில்லை. நட்ட நடு இருக்கைதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கி, “நீ இதுல உக்காரு” என்று அவளை உட்கார வைத்தான். உட்கார்ந்தபோது அவள் இளகினாள். இவ்வளவுக்கே இளகுகிறோமே என்று உடனே தன் மேலேயே வெறுப்பு வந்தது.

இடைவேளையில் வராந்தாவுக்கு வந்து அக்காவைப் போனில் கூப்பிட்டாள்.

“கிளம்பிட்டியாடி?”

“இல்லக்கா. படத்துக்கு வந்திருக்கோம்.”

“படத்துக்கா! வீட்டுல வாய் திறக்காத மனுஷன் தியேட்டர்ல வந்து கொட்டப் போறாராக்கும்.”

“அன்னிக்கு பாத்ரூம் வாசல்ல வந்து நின்னாரேக்கா...”

“எத்தனை தடவைதான் அதையே சொல்லுவ? ‘குழாயை மூடிட்டு அழும்மா’ன்னாரு. அதானே? தண்ணி வரி ஏறிடும்னு சொல்லியிருப்பாரு.”

அக்காவுக்கு எப்படிப் புரியும்? சுவரோடு சண்டை போட்டு அலுத்த நாட்களில் அவள் பாத்ரூமில் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். அழுகை வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிடுவாள். அழுது தீர்ந்ததும், குழந்தையைத் தேற்றுவதுபோல் தனக்குத் தானே, “சரி, சரி... ஆச்சு” என்று சொல்லிக்கொண்டு முகம் கழுவுவாள்.

அன்று கதவின் அடியிடுக்கில் அவனுடைய நிழல் தெரிந்தது. “குழாயை மூடிட்டு அழும்மா” என்றான். எவ்வளவு நாளுக்குப் பிறகு ஓர் ‘அம்மா’! மூடினாள். அவள் அழுது முடிக்கும்வரை அந்த நிழல் அசையவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் உள்ளே என்ன ஆகிறதென்று தெரியாமல் பயந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நடந்த குடித்தனமெல்லாம் அந்த நிழலைப் பிடித்துக்கொண்டு நடந்ததுதான்.

“அக்கறை இருக்கறவன் கதவைத் திறன்னு சொல்லுவான்டி” என்றாள் அக்கா.

“அவருக்குச் சொல்லத் தெரியாதுக்கா. நான் வரல. பெட்டியைப் பிரிச்சு வச்சுடறேன்.”

“உன் தலையெழுத்து.” போன் வைக்கப்பட்டது.

இடைவேளைக்குப் பிறகு படம் இன்னும் மோசமாயிற்று. ஜப்பான்காரர்கள் வரிசையில் நின்று, முறை வைத்து வந்து அடி வாங்கினார்கள். “டோக்கன் குடுத்திருப்பாங்கடா” என்றான் பின்வரிசைக்காரன். கதாநாயகனுடைய மனைவி அவனை வெறுத்து, ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரையில் மூடிய கதவு மட்டும் நின்றது. உள்ளேயிருந்து அழுகை வந்தது.

தியேட்டர் சட்டென்று அடங்கியது. அழுகையா அது? மூச்சு உள்ளே போகும்போதே உடைந்து, வெளியே வர வழி தெரியாமல் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றது. எங்கோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு மட்டமான படத்தில் இவ்வளவு நிஜமாக அழ யாரால் முடிந்தது?

அழுகை மெல்ல ஓய்ந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து கரகரத்த குரல் சொன்னது:

“சரி, சரி... ஆச்சு.”

அவள் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“இந்தப் பொண்ணு ஒருத்திதான்டா படத்துலயே நடிச்சிருக்கு” என்றான் பின்வரிசைக்காரன்.

அவள் திரும்பினாள். கணவன் கண்ணைத் திறந்திருந்தான். திரையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்த முகத்துக்காக இத்தனை நாளும் மன்றாடினாளோ, அந்த முகம், மலர்ந்து, ஆவலாய். மன்னிப்புக் கேட்கத்தான் அழைத்து வந்தானோ?

அவன் அவள் காதருகே குனிந்தான்.

“குழாய்ச் சத்தம் துளிகூட இல்ல, கவனிச்சியா?”