கழற்றிய ஜெட்

கயிற்றுக்கு வெளியே நின்றபடி அவர் இன்ஜினின் சத்தத்தைக் கேட்டார்.

சுத்தமாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

நூறு சிசி இன்ஜினுக்கு அவ்வளவு பெரிய கார்புரேட்டர் ஆகவே ஆகாது என்று மகளிடம் அடித்துச் சொன்னவர் அவர். சுகந்தி பந்தய பைக்கைத் தள்ளிக்கொண்டு தாய்மாமன் பட்டறைக்குப் போய்விட்டாள்.

எட்டு மாதம்.

அதே கார்புரேட்டரை அவரும் வாங்கினார். கதவைச் சாத்திக்கொண்டு, பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பித்தளைத் திருகான ஜெட்டை அளவு அளவாக மாற்றிப் பார்த்தார். இருமியது. திணறியது. கடைசிவரை வழிக்கு வரவில்லை.

மனைவியின் தம்பிக்கு வந்துவிட்டது. நேற்று ஸ்பானர் பிடித்தவனுக்கு.

டேங்கில் இருந்த பட்டறைப் பெயர் அவருடைய அப்பாவின் பெயர். அதை அவள் அழிக்கவில்லை. அதன் கீழே மாமன் பெயரையும் எழுதியிருந்தாள்.

அதே அளவு எழுத்தில்.

பழைய விமான ஓடுதளத்தில் கால் மைல் பைக் பந்தயம். மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. சோதனை ஓட்டம் முடிந்து வந்து நின்றாள். மாமன் ரங்கராசு பிளக்கைக் கழற்றி ஒரு பார்வை பார்த்தான். நேற்று மாதிரியேதான் இருக்கிறது, பைனலுக்கு இப்படியே போகலாம் என்றான்.

அவள் பிளக்கை வாங்கினாள். மாட்டவில்லை. கயிற்றின் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள்.

அவள் கண் பிளக்கில் இல்லை.

முனை வெளுத்திருந்தது. பெட்ரோல் பத்தவில்லை என்பதன் அடையாளம்.

நேற்று உச்சிவெயிலில் அளவு பார்த்துப் போட்ட ஜெட். குளிர்காற்று கனமானது, பெட்ரோல் கூடுதலாகக் கேட்கும். கிடைக்காவிட்டால் முழுவேகத்தில் பிஸ்டன் இறுகும். பின்சக்கரம் நின்றுவிடும்.

பேசாமல் நின்றாலே போதும். கால் மைலுக்குள் கீழே எழுதிய பெயர் கருகிவிடும்.

அந்த நினைப்பை ஒரு மூச்சு நேரம் வைத்திருந்தார்.

மேலே உட்காரப் போகிறவள் மகள்.

கயிற்றைத் தாண்டினார். சட்டைப்பையில் ஓர் அளவு பெரிய ஜெட் இருந்தது. எதற்கு எடுத்து வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

"பனிக்கு அது பத்தாது மாப்ள. இதப் போடுங்க."

ரங்கராசுவின் காது சிவந்தது. வாங்கி மாற்றினான். கழற்றியதைச் சுகந்தி எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். பெட்ரோல் ஈரத்தில் சில்லென்றிருந்தது.

தொடக்கக் கோட்டில் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து நேராக நிறுத்துவது டியூன் செய்தவனுக்கு உரியது. இத்தனை வருடம் அவர் பிடித்த இடம்.

ரங்கராசு பிடித்தான்.

பச்சை விளக்கு. ஒரே இழுப்பு. எதிர்வண்டி பாதி தூரத்திலேயே பின்னால் போனது.

ஆட்கள் ரங்கராசுவைச் சூழ்ந்துகொண்டார்கள். பனியில் எப்படி இந்த இழுப்பு, காலையில் ஜெட்டை மாற்றினாயா என்று யாரோ கேட்டார்கள்.

"நேத்து வெச்சதுதானுங்க. தொடவே இல்லை."

சுகந்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். அப்பாவின் மூடிய கையைப் பார்த்தாள்.

பக்கத்தில் நின்றவர், டியூன் செய்தது யார், தெரிந்தவரா என்று அப்பாவிடம் விசாரித்தார்.

அவர் முதுகை நிமிர்த்தினார்.

"எங்க ஊட்டுப் பையன்தானுங்க."

விரல்கள் இன்னும் இறுகின. ஜெட்டின் மரை உள்ளங்கையில் பதிந்தது.