நாலு இட்லி

மேடையில் அவள் மகன் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான்.

உதட்டுக்கு எதிரே கரண்டி. கரண்டியில் சத்துமாவுக் கஞ்சி. அதைப் பிடித்திருந்த அதிகாரி அம்மா நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தாள். குனிந்து நின்றதில் இடுப்பு வலித்திருக்கும். சிரிப்பை விடவில்லை.

அவனுக்கு நாலு வயது. பார்த்தால் ரெண்டு என்பார்கள். அதனால்தான் அவனைப் பொறுக்கி எடுத்தார்கள்.

நாடு முழுக்க ஒரே நேரத்தில் தொடங்குகிற திட்டம். பெயர் நீளம். எழுதின ஆளுக்கே மூச்சு வாங்கியிருக்கும். இனி எந்தப் பிள்ளையும் பசியோடு படுக்காதாம்.

இருக்கட்டும். இதற்கு முன்னாலும் சொன்னார்கள்.

பந்தலுக்குள் பெரிய டிவி ஒன்று. அதில் டெல்லி தெரிந்தது. அங்கே விளக்கு ஏற்றும்போது இங்கே பிள்ளை வாயில் கஞ்சி போக வேண்டும்.

"காலைல அவனுக்கு ஒண்ணும் குடுத்துராத. மேடைல வாங்கணும்" என்று பால்வாடி டீச்சர் நேற்றே அவளிடம் சொல்லியிருந்தாள்.

அதில் அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை.

தீப்பெட்டி ஆலையைப் பூட்டி மூன்று மாதம். தெருவே அங்கேதான் வேலை பார்த்தது. இப்போது தெருவே வீட்டில் இருந்தது. ரேஷன் அரிசி மாசம் பாதியோடு சரி. திருப்பூருக்கு வேலை தேடிப் போன புருஷன் ரெண்டு தடவை போனில் பேசினான். என்ன அனுப்புவான் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆனால் தெருவில் கேட்பார்கள். குழாயடியில் கேட்பார்கள். கொல்லைச் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்பார்கள்.

"என்ன மதினி, சாப்டாச்சா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு, ஆச்சு."

மூன்று மாதமாக எல்லா வீட்டிலும் ஆச்சு.

எந்த வீட்டிலிருந்தும் தாளிக்கிற வாசம் வரவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மகனுக்கும் பழக்கியிருந்தாள். யார் கேட்டாலும் சாப்பிட்டாச்சு. என்ன என்று கேட்டால் இட்லி. எத்தனை என்று கேட்டால் நாலு. அடுத்தவர் நீட்டினால் வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு தடவை திறந்தான். அடித்தாள்.

"என்ன கண்ணு, சாப்டியா?"

அதிகாரி அம்மா பேச்சுக்குத்தான் கேட்டாள். மைக் பக்கத்தில் இருந்தது.

"சாப்டாச்சு."

"அப்படியா. என்ன சாப்ட?"

"இட்லி."

"எத்தனை?"

"நாலு."

பந்தல் சிரித்தது. "எங்களுக்கு ரெண்டு தள்ளி விடு மாப்ளே" என்று பின்னாலிருந்து ஒருத்தன் குரல் கொடுத்தான்.

டிவியில் விளக்கை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அதிகாரி அம்மா நிமிர்ந்தாள். "வயிறு நிறைஞ்ச பிள்ளைய ஏன் வம்பு பண்றீங்க? பசியா இருக்கிற பிள்ளை யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள்.

மேசையில் ஒரு பெட்டி இருந்தது. மாவு, நெய், பேரீச்சை, கடலை மிட்டாய். மேடையில் கஞ்சி வாங்குகிற பிள்ளைக்கு. முதல் நாள் என்பதால் ஊருக்கு ஒன்று. மற்றவர்களுக்குப் பின்னால் வரும் என்றார்கள். வரும்போது பார்க்கலாம்.

உதவியாள் அந்தப் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தான்.

டீச்சர் அவளைப் பார்த்தாள். மகனும் பார்த்தான். சொல்லிக்கொடுத்ததைத் தப்பில்லாமல் சொல்லிவிட்ட முகம். அம்மா மெச்சுவாள் என்று காத்திருக்கிற முகம்.

அவளைச் சுற்றித் தெருவே உட்கார்ந்திருந்தது. தோளை ஒட்டி, சுவருக்கு அந்தப்பக்கத்து மதினி.

அவள் எழுந்தாள்.

"அவன் சாப்டல."

மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

"இன்னைக்கும் இல்ல. நேத்து ராத்திரியும் இல்ல. நாந்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னேன்."

சிரிப்பு நின்றது. இட்லி கேட்டவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மதினி காலடியில் எதையோ தொலைத்தவள் மாதிரிக் குனிந்தாள்.

மகனின் முகம் சுருங்கியது. இத்தனை நாள் சரியாக இருந்தது இப்போது எப்படித் தப்பாகப் போனது என்று அவனுக்கு விளங்கவில்லை.

"வாங்கிக்கடா" என்றாள்.

அவன் அழுதுகொண்டே வாயைத் திறந்தான்.

டிவியில் விளக்கு எரிந்தது. கைதட்டினார்கள். அங்கே.

இங்கே கொஞ்சம் பொறுத்துத்தான் தட்டினார்கள்.

பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தாள். மத்தியானம். கேட்கிற நேரம்தான்.

யாரும் கேட்கவில்லை.

ஒருத்தி பெட்டியைப் பார்த்தாள். பிறகு வெயிலைப் பார்த்தாள்.

கொல்லையில் பெட்டியை இறக்கினாள். சுவருக்கு அந்தப்பக்கம் மதினி நடக்கிற சத்தம் கேட்டது. மற்ற நாளென்றால் இந்நேரம் தலை தெரிந்திருக்கும்.

தெரியவில்லை.

அவள் சுவரை ஒட்டிப் போய் நின்றாள்.

"மதினி. சாப்டாச்சா?"

நடக்கிற சத்தம் நின்றது.

ஆச்சு என்று சொல்ல இவ்வளவு நேரம் ஆகாது.

மகன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் பெட்டியைச் சுவரோரமாக இழுத்தாள். ஒட்டியிருந்த டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.