நத்தைக்கு மைக் இல்லை

"மூடுபனி இல்லாத போர் என்ன போர்?" என்று கேட்டுக்கொண்டே பல் டாக்டர் அவன் வாயை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கச் சொன்னார்.

அவன் திறந்தான். கேள்வி தன்னிடம் இல்லை என்பது அடுத்த நொடியே தெரிந்துவிட்டது.

"எதிரி எங்க இருக்கான்னே தெரியாம தடவிக்கிட்டு போறது ஒரு விளையாட்டா அண்ணி? போர்க்களம் முழுசாத் தெரியணும். அப்பத்தான் மூளைக்கு வேலை."

சொன்னவள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்த உதவியாளர். டாக்டரின் நாத்தனார். வீட்டில் பாதியில் விட்ட சண்டையை இங்கே அவன் வாய்க்கு மேலே வைத்து முடிக்கப் பார்க்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் ஆடும் கோட்டைப் போர் அது. மூடுபனியைப் போட்டுக்கொண்டால் நம் ஆள் நடந்து பார்த்த இடம் மட்டும்தான் திரையில் தெரியும், மற்றதெல்லாம் இருட்டு. எடுத்துவிட்டால் எதிரி கொட்டாவி விடுவதுகூடத் தெரியும்.

அவன் டாக்டர் கட்சி. வாய் இவ்வளவு திறந்திருந்தும் அதைச் சொல்ல வழியில்லை.

டாக்டர் பக்கத்துத் தட்டில் பஞ்சுச் சுருள்களை அடுக்கிக் கோட்டை கட்டினார். வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஏரியானது. கொக்கி ஊசி ஒன்று குதிரைப்படை.

"போன வாரம் நாம தோத்தது மூடுபனியால இல்ல. குதிரைப்படையை வடக்கு வாசலுக்கு வெளிய நிறுத்தினதால."

"அதை நிறுத்தினது நத்தை," என்றாள் நாத்தனார்.

நாற்காலியில் அவன் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது.

நத்தை அவன்தான்.

பகலில் கட்டட வரைபடம் போடுவது வேலை. மாலையானால் கடப்பாரை, பூரான் என்று பெயர் வைத்துக்கொண்ட இருவரோடு ஒரே அணியில் கோட்டை காப்பது. இரண்டு வருடமாக அவர்கள் மைக்கில் பேசுவார்கள், அவன் கேட்டுக்கொண்டு ஆடுவான். அந்த இரண்டு குரலும் இவர்களுடையதுதான்; முகமூடிக்குள்ளிருந்து வந்ததால் இத்தனை நேரம் பிடிபடவில்லை. 'அண்ணி' என்றபோதே பொறி தட்டியிருக்க வேண்டும். உலகத்தில் எத்தனையோ அண்ணி என்று விட்டுவிட்டான்.

அதைவிட முக்கியம், குதிரைகளை வெளியே நிறுத்தியது அவனில்லை. பூரான். இதோ குழாயைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி நிற்கிறாளே, இவள்.

"ஆ... ஆ..." என்றான்.

"வலிக்குதா?" என்று டாக்டர் இன்னொரு மரப்பு ஊசி போட்டார்.

நியாயம் கேட்கப் போனதற்குக் கிடைத்தது அது. கண்ணில் நீர் முட்ட மல்லாந்து கிடந்தான்.

"இன்னிக்கு மைக் கட்டாயம்னு போட்டுடலாம் அண்ணி," என்றாள் நாத்தனார். "பேசாத ஆள் தானா வெளிய போயிடுவான். எது கேட்டாலும் 'சரி'ன்னு தட்டி அனுப்புறான். சரியான ஊமைக்கோட்டான்."

மரத்துப்போன கன்னம் தவிர மற்ற எல்லா இடமும் வலித்தது அவனுக்கு. வேலை முடிந்து அவன் வேறெங்கும் போவதில்லை. போக விரும்பிய ஒரே இடம் அந்தக் கோட்டைதான்.

துளைக்கும் கருவி நின்றது.

"அன்னிக்கு அவசரமா ஒருத்தர் பல்லைப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்கன்னு பாதியில எழுந்து போனேனே," என்றார் டாக்டர். "திரும்பி வந்தா என் கோட்டை அப்படியே நிக்குது, நத்தையோட கோட்டை எரிஞ்சு கிடக்குது. ஏன்டா இப்படின்னு கேட்டா அதுக்கும் 'சரி'தான். நீ வாய் ஓயாம பேசிக்கிட்டிருந்தே. உன்னோடது எப்பவோ விழுந்திருந்துச்சு."

"அது வேற. இன்னிக்கு எதிரணியில வர்றவங்க பெரிய ஆளுங்க. எதிரி வந்தா உடனே கத்திச் சொல்லணும். இவன் தட்டி முடிக்கிறதுக்குள்ள கோட்டை கைவிட்டுப் போயிடும்."

அதில் நியாயம் இருந்தது. டாக்டர் பல்லை அடைத்து முடித்தார்.

நாற்காலி நிமிர்ந்தது. வாயைக் கொப்பளித்தான். எழுந்திருக்கவில்லை.

கையை நீட்டித் தட்டிலிருந்த கொக்கி ஊசியை எடுத்து, பஞ்சுச் சுவருக்கு உள்ளே வைத்தான். இரண்டு சுருள்களை நகர்த்தி வடக்கு வாசலைக் குறுக்கினான். ஒன்றை ஏரிக்கரையில் நிறுத்தினான்.

இருவரும் தட்டைப் பார்த்தார்கள். பிறகு அவனைப் பார்த்தார்கள். உறிஞ்சு குழாய் வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

"நத்தையா?" என்றார் டாக்டர்.

தலையாட்டினான். முகமூடிக்கு மேலே தெரிந்த நாத்தனாரின் கண்கள் ஒளிய இடம் தேடின.

"கு... கு... குதிரையை வெ... வெளிய நிறுத்தினது பூ... பூரான்," என்றான்.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நாத்தனார், "சரி, நான்தான், போதுமா," என்று குழாயை அணைத்தாள்.

"மரப்பு ஊசி போட்டிருக்கேன்ல, அதான் பேச்சு குழறுது," என்றார் டாக்டர். "கொஞ்ச நேரத்துல இறங்கிடும். சாயங்காலம் நல்லாப் பேச வரும். மைக்கோட வாங்க."

அவன் பாதி வாயால் சிரித்துவிட்டுக் கிளம்பினான்.

சாயங்காலம் ஆட்டம் தொடங்கியது. மூடுபனி போட்டிருந்தது. மைக் கட்டாயம் என்றும் போட்டிருந்தது. அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ஏரிக்கு அப்பால் இருட்டில் ஏதோ அசைந்தது.

"வ... வ... வடக்கால..."

"இன்னுமா மரப்பு இறங்கல?" என்றது பூரானின் குரல்.

"அ... அது ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்தே இ... இறங்கல," என்றான். "வடக்கால யா... யானை வருது."



"எத்தனை யானை? நிதானமாச் சொல்லு, நான் வாசல்ல நிக்கிறேன்," என்றாள் பூரான்.