முனியாண்டி கோயில் சத்தியம்

மகளின் தாய்மாமனை வார்டு வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள் குமுதவல்லி.

"உள்ளாற வராதண்ணே. எம் மக பக்கத்துல நீ வரவே வேணாம்."

மகேந்திரன் ஒரு பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு அணைத்தபடி தலையாட்டினான். மலேசியாவின் லுக்குட் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில், எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுகிறவன். தங்கை மகள் படுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, வேலைக்குப் போட்ட சட்டையோடு மோட்டார் சைக்கிளில் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான்.

கூடப்பிறந்தவனை இப்படியா நிற்க வைப்பது என்று பக்கத்துக் கட்டில்காரி ஒரு பார்வை பார்த்தாள். குமுதவல்லி சட்டை செய்யவில்லை. அவளுக்கென்ன தெரியும் இந்த மனிதனைப் பற்றி?

எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாதத்துக்கு நாலு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுவான். சம்சுச் சாராயம் குடலை அரித்துவிட்டது என்று ஊரே சொன்னது. அவனும் ஒருநாள் முனியாண்டி கோயிலில், அத்தனை பேர் பார்க்க, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொண்டான்.

அந்தக் கோயிலில் கயிறு கட்டியவர்களில் பாதிப் பேர் மறுமாதமே அவிழ்த்துவிடுவார்கள். அதிலாவது ஒரு நேர்மை இருந்தது. மகேந்திரன் கயிறும் கையுமாகக் குடிக்கிறவன். தங்கை கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் அவன் மண்டபத்துக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான். அன்றோடு அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. சிரம்பான் பக்கத்தில் ராசா என்ற ஊருக்கு வாழ வந்த பிறகு அவனை வாசற்படி ஏற்றவில்லை. போன வருஷம் மகள் புனிதாவின் சடங்குக்குக்கூட, தாய்மாமன் இடத்தில் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருத்தரை நிறுத்திச் சீர் வாங்கிக்கொண்டாள்.

இப்போது அந்தப் புனிதாதான் மூன்றாவது தடவையாக இங்கே கிடக்கிறாள். பதினாலு வயசு. கணையம் வீங்கி வீங்கிப் பழுதாகிக்கொண்டு வருகிறதாம். பித்தக்கல் இல்லை, ரத்தத்தில் கொழுப்பு ஏறவில்லை, எங்கும் விழுந்து அடிபடவும் இல்லை. பின்னே எதனால் என்று கேட்டால் ஒருத்தரிடமும் பதில் இல்லை. காரணம் தெரியாத சீக்குக்கு எந்தச் சாமிக்கு நேர்ந்துகொள்வது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. மூன்று நாளாகக் குமுதவல்லியின் வாயில் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை.

"இத மட்டும் டாக்டருகிட்ட காட்டு," என்று பையை நீட்டினான் மகேந்திரன். "என்னோட ஸ்கேன் படம், கார்டு எல்லாம் இருக்கு. பிள்ளைக்கும் அதே வலின்னு சொன்னாங்க."

"அதே வலியா? ஒன் வலி போத்தல்ல வந்தது. எம் மகளோட சேத்துப் பேசாத."

கட்டிலருகே நின்ற அவள் கணவன் ஹேமநாதன், மெதுவாகப் பேசு என்று கையைக் காட்டினான். அதற்குள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பமீலா காதில் எல்லாம் விழுந்துவிட்டது. பையை வாங்கி, ஒவ்வொரு படமாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எந்த வயதில் ஆரம்பித்தது என்று கேட்டார். பதினாறு என்றான் மகேந்திரன். டாக்டர் குமுதவல்லி பக்கம் திரும்பி, குடும்பத்தில் யாருக்கும் இது கிடையாது என்று சொன்னீர்களே என்றார்.

"இவர எல்லாம் சேக்காதீங்க டாக்டர். குடிச்சிக் கெடுத்துக்கிட்டவரு. கோயில்ல சத்தியம் பண்ணதே ஊருக்குத் தெரியும்."

டாக்டரின் பேனா நின்றது. குடிப்பழக்கம் என்றால் யோசிக்க வேண்டும் என்றார். குடிக்காத ஒருவருக்குச் சின்ன வயதிலேயே இப்படி வந்திருந்தால், அது ரத்தவழியாக வருகிறதா என்று மரபணுச் சோதனை செய்து பார்க்கலாம். ஒரு வலியும் இல்லாத தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோகூட அது பிள்ளைக்குப் போய்ச் சேரும். தெரிந்துகொண்டால் கணையத்தில் மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வழி பார்க்கலாம், புனிதாவுக்கு ஒரு தம்பி இருக்கிறானே, அவனையும் இப்போதே கவனிக்கலாம். சொல்லிவிட்டு அவர் படங்களைப் பைக்குள் திரும்ப வைத்தார்.

மகேந்திரன் கட்டிலைப் பார்த்தான். புனிதா முழங்காலை வயிற்றோடு மடக்கி, தலையணையை அமுக்கிக்கொண்டு கிடந்தாள். குமுதவல்லியும் பார்த்தாள். மண்டபத்துக்குப் பின்னால் அண்ணன் கிடந்ததும் இப்படித்தான்.

"டாக்டர், நான் குடிச்சதே இல்ல," என்றான் மகேந்திரன். "ஒரு சொட்டு இல்ல. பிள்ளையோட ஃபைல்ல அப்படியே எழுதிக்கிங்க."

டாக்டர் அவன் கண்ணைப் பார்த்துவிட்டு, மறுபடி பேனாவை எடுத்தார். குமுதவல்லி அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"குடிக்காதவன் எதுக்குண்ணே ஊரக் கூட்டி வச்சி, இனிமே குடிக்க மாட்டேன்னு சூடம் அணைச்ச?"

சொல்லலாமா வேண்டாமா என்பதுபோல் அவன் ஹேமநாதனை ஒரு தரம் பார்த்தான். ஹேமநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒன்னப் பொண்ணு பாத்துட்டுப் போனவங்க, அண்ணங்காரனுக்கு என்னா சீக்கு, பரம்பரையில வர்றதான்னு ராசாவுலேர்ந்து கேட்டு அனுப்பியிருந்தாங்க," என்றான் மகேந்திரன். "குடின்னு சொல்லிட்டா, அது என்னோட போயிடும்லா."