பச்சை விளக்கு

சிறுபான்மையினர் உதவித்தொகை கொடுப்பவர்கள் மஹ்மூதாவின் அடுப்படிச் சுவரில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டில் என்ன வேகிறது என்று அது மோப்பம் பிடிக்கும். ஆட்டுக்கறி வாடை பட்டால் வசதியான குடும்பம் என்று எழுதிவிடும். மகள் ஷாமிலாவின் டாக்டர் படிப்பு மூன்றாம் வருஷத்தோடு நின்றுபோகும். பண்டிகை, கிண்டிகை எதுவும் அதற்குத் தெரியாது.

பக்ரீத் தொழுகையும் குர்பானியும் முடிந்ததும் எதிர்வீட்டு ஜுலைகா வந்தாள். குர்பானிக் கறியில் ஏழைகளுக்கான பங்கு அவள் கைத் தூக்குவாளியில் இருந்தது. மஹ்மூதா வாசலை மறித்து நின்றாள். அதற்குள் பெட்டியின் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளாகிவிட்டது.

"வேணாம் ராத்தா."

"ஏண்டி, வருஷா வருஷம் வாங்குறதுதானே?"

காரணத்தைச் சொல்லவும் வழியில்லை. பெட்டியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

"இல்லாதவங்களுக்குக் குடுங்க ராத்தா. எங்களுக்கு இருக்கு."

ஜுலைகாவின் முகம் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! நல்லாயிட்டீங்களா? அப்ப ஜமாத்துல மாச அரிசி லிஸ்ட்லேர்ந்து உன் பேரை எடுத்துடச் சொல்றேன். கஷ்டப்படுறவங்க எத்தனையோ பேரு காத்துக்கெடக்காங்க."

மஹ்மூதா தலையாட்டினாள். கதவைச் சாத்தியதும் விளக்கு பச்சைக்குத் திரும்பியது. கீழே எழுத்து ஓடியது: ஏழைக் குடும்பம், உறுதி செய்யப்பட்டது.